பயஸ் அப்பாவின் நம்பர்

அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ப்ரோ, அந்த போன் சீன் யாரோட ஐடியா?" சீனாம். ஐடியாவாம். கேட்கிறவன் கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றும். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் பார்த்தது மூன்றரை நிமிடம். மிச்சம் எனக்குத்தான் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அஸ்வந்த். கேரள எல்லைக்குள், அமரவிளையில் பழைய செக்போஸ்ட் பக்கம் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தேன். கடை அடைத்த பிறகு கிடார். அபினா என்றொரு பெண் மாதம் ஒருமுறை கடற்கரை ஊரான பொழியூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். இரண்டு நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. சும்மா இருக்க முடியாத வாய் எனக்கு.

"ரெண்டாவது நம்பர் ஆருக்கு? ஆளு உண்டோ?"

"அப்பனுக்காக்கும்," என்றாள். "போன் கடல்ல கிடக்கு."

அவளுடைய அப்பா பயஸ் மீன்பிடிக்கப் போன வள்ளம் கரைக்குப் பக்கத்தில் அலையில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அவர் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த போனும் அவரோடு போயிற்று. காலையில் ஆறு மணிக்கு, "கரைக்கு வாறோம் மக்கா, அம்மய வரச் சொல்லு" என்று அவர் கூப்பிடுவது வழக்கமாம். இப்போது அந்த நேரத்துக்கு இவள் கூப்பிடுகிறாள். நம்பர் ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் மலையாளத்தில் சொல்வாள். அதைக் கடைசி வரை கேட்டுவிட்டு வைப்பாள். பணம் போடாமல் விட்டால் கம்பெனி நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும், அதற்குத்தான் இந்த ரீசார்ஜ். அம்மா மார்கிரெட் இறந்தவர்களுக்கான பூசைக்கே சம்மதிக்கவில்லை. ஆளைக் காணாமல் என்ன பூசை என்று பாதிரியாரையே திருப்பி அனுப்பியவர்.

"இனி இதுக்காண்டி நீ பஸ் ஏற வேண்டாம்," என்றேன். "மாசாமாசம் நான் போட்டுக்கிடுதேன்."

ஒரு பெண்ணிடம் நான் சொன்ன ஒரே காதல் வசனம் அதுதான். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் ரீசார்ஜ் ஒன்றும் இல்லாமலேயே கடைக்கு வந்தாள்.

அவள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். என்னோடு படித்த ஜெனில் டிரம்ஸ் அடிப்பான். அம்பூரியில் அவன் அப்பா ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைதான் எங்களுக்கு இடம். தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே மூன்று பேரும் கத்திவிட்டு வந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார், அவ்வளவு நாற்றம். பேண்டுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்தோம். சொந்தப் பாட்டு மட்டும்தான் என்று சத்தியம் வேறு.

இந்தப் பக்கத்தில் விழா என்றால் கானமேளா. சினிமாப் பாட்டு இல்லாத மேடையை யாரும் மேடை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் முதல்முறை வாசித்தோம். ஐந்தாம் பாட்டில் பத்துப் பேர் மிச்சம். அதில் நாலு பேர் நாற்காலியைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர்கள். கடைசிப் பாட்டு அபினா எழுதியது, அப்பாவைப் பற்றி. நடுவில் டிரம்ஸ் நின்றதும் அவள் யாரிடமும் கேட்காமல் பையிலிருந்து போனை எடுத்தாள். நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மைக்கில் வைத்தாள். "நிங்கள் விளிக்குந்ந நம்பர் இப்போள் ஸ்விட்ச்ட் ஆஃப் ஆணு." அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. நாற்காலிக்காரர்கள் தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஆள் சேர்ந்தது. அடுத்த மேடைக்கு நாற்பது பேர், பாறசாலையில் மதில் மேல் ஏறி நின்றார்கள். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து பைக்கில் வந்தார்கள். பாட்டில் அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் தங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு சேர்ந்து அந்த வரியைச் சொன்னார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது அபினா மேடைக்குப் பின்னால் வந்து அழுதாள். "எங்க அப்பன இத்தற பேரு விளிக்காவ," என்றாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை.

கூட்டம் கூடினால் நெட்வொர்க் கிடைக்காது. ஒரு மேடையில் போன் கால் போகவே இல்லை, பாட்டு அந்தரத்தில் நின்றது. ஜெனில் அந்தக் குரலை ரெக்கார்ட் செய்து லேப்டாப்பில் போட்டுவிட்டான். பிறகு அபினா போனைக் காதில் வைப்பாள், அவன் பட்டனைத் தட்டுவான். வசதியாக இருந்தது. கொச்சியில் கூப்பிட்டார்கள், பெங்களூரில் கூப்பிட்டார்கள். போன ஓணத்துக்கு நான் கடை வேலையை விட்டேன். அந்த நம்பரின் ரீசார்ஜும் அங்கேயே நின்றுவிட்டது. காரணம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

இந்த ஓணத்துக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கிளப் விழா. மூவாயிரம் பேர் என்றார்கள். எங்களுக்கு மாலை ஐந்தரைக்கு மேடை. பயஸ் அப்பா போய் அன்றைக்கு நாலு வருடம் முடிகிறது. மேடையேறும் முன்னால் அபினா ஜெனிலிடம் சொன்னாள்: "இன்னைக்கு ரெக்கார்டு வேண்டாம் கேட்டியா. அப்பன நான் நேராட்டு விளிக்கேன்."

அப்போதுதான் எனக்கு ரீசார்ஜ் ஞாபகம் வந்தது. சொல்ல நேரம் இருந்தது. அபினா, ஒரு நிமிஷம், நான் ஒரு தப்பு செய்துட்டேன் என்றால் தீர்ந்தது. வெளியே 'செக்போஸ்ட், செக்போஸ்ட்' என்று கூச்சல். நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வரும், அதுவும் ஒரு பெண் குரல்தானே, இந்தச் சத்தத்தில் யார் கண்டார்கள் என்று கணக்குப் போட்டேன். குனிந்து கிடாருக்குச் சுருதி கூட்டினேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டிரம்ஸ் நின்றது. மூவாயிரம் பேர் போனைக் காதில் வைத்தார்கள். அபினா நம்பரை அழுத்தி மைக்கில் வைத்தாள்.

ரிங் போயிற்று.

கூட்டம் வரியைச் சொல்லத் திறந்த வாயை மூடியது. அவள் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை இனி எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். நாலு வருடத்தில் முதல்முறை அந்த நம்பர் அடிக்கிறது. அவள் சிரித்தாள். வீடியோவில் அது தெரியாது, கேமரா கூட்டத்தின் பக்கம் இருந்தது.

"ஹலோ?" ஒரு சின்னப் பெண் குரல்.

அபினா கேட்டாள்: "அப்பன்... அப்பன் உண்டா?"

"அச்சன் குளிக்கான் போயி. இப்போ வரும். ஆரா?"

அப்பா குளிக்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு மகள் அதைவிடச் சாதாரணமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது.

"செரி," என்றாள் அபினா. "நிக்கேன்."

நின்றாள். ஸ்பீக்கரில் டிவி சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். பிறகு "ஹலோ, ஆராணு?" என்று ஒரு ஆண் குரல். நடுவயதுக்காரர், நல்ல மனுஷனின் குரல். அவள் அதையும் முழுதாகக் கேட்டாள். பிறகு போனைக் கீழே இறக்கினாள். மைதானம் வெடித்தது. விசில், கைதட்டல், "அபினா, அபினா" என்று ஆர்ப்பரிப்பு. எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

வேனில் அவள் என் எதிரே உட்கார்ந்தாள். ஜெனில் முன்சீட்டில், திரும்பவே இல்லை.

"கடைசியா எப்போ போட்டே?"

"ஓர்ம இல்ல," என்றேன். "கடைய விட்டப்பறம் போடல்ல. மேடையில ஏறதுக்கு முன்னாலயே ஓர்ம வந்தது. சொல்லல்ல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உன்ன மட்டும் சொல்லி என்ன. காலத்த ஆறு மணிக்கு நான் விளிச்சு எத்தற மாசமாச்சுன்னு உனக்குத் தெரியுமா? விளிச்சிருந்தா எனக்கு அப்பமே தெரிஞ்சிருக்கும். ஆளு கூடினாத்தான் எனக்கு அப்பன விளிக்கத் தோணுது."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். அப்போது அவள் போன் அடித்தது. அம்மா என்று திரையில் வந்தது. மூன்று முறை அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கவில்லை. என் மடியில் போட்டாள்.

"நீயே சொல்லு."

எடுத்தேன். மார்கிரெட் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, ஓடி வந்தவர் மாதிரி.

"அபினா எங்க? மக்கா அஸ்வந்தே, நான் லைவில கண்டேன். ரிங் போச்சே! ஒரு கொச்சுப் பிள்ள எடுத்துதே, குளிக்கப் போயிருக்குன்னு சொல்லிச்சே. பெறகு ஆளு வந்து பேசதுக்குள்ள இங்க நெட்டு போச்சு. அவருதானா மக்கா? அவரு எங்க இருக்காரு?"

"அது வேற ஆளாக்கும் அம்மா," என்றேன். "நம்பர் வேற ஆளுக்குப் போயிட்டு. நான் ரீசார்ஜ் செய்ய மறந்துட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பம் அவரு இல்லியா மக்கா?"

கடற்கரையில் யாரும் மார்கிரெட் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. பாதிரியார் சொல்லவில்லை. பெற்ற மகள் நாலு வருடமாகச் சொல்லவில்லை. அபினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றேன்.