பிரேக்குக்கு எட்டு ஓட்டு

எங்கள் கார் சங்கத்தின் கூட்டம் தலைவரின் குளியலறைச் சாமான் கடை மாடியில் நடக்கும். விற்பனைக்கு வைத்த வாஷ்பேசின்களுக்கு நடுவே பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாரும் வந்துவிட்டால் நாற்காலி போதாது. அப்போது பல் டாக்டர் மூடி போட்ட கம்மோடு ஒன்றின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்வார். கொள்கை விளக்கங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

கம்பெனி ஒன்பது வருஷத்துக்கு முன்பே கைகழுவிவிட்ட ஒரு மாடலை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். மொத்தம் பதினோரு கார். தலைவர் என் தங்கையின் கணவர். நான் செயலாளர். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது என் தொழில். என்னிடம் இப்போது கார் கிடையாது. இருந்தும், நடந்ததை நோட்டில் எழுத வேறு ஆள் கிடைக்காததால் பதவி நீடித்தது. கார் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்பது விதி. அதையும் நான்தான் எழுதினேன்.

அந்தப் புதன்கிழமை பிற்பகல், ஞாயிறு மலைப் பயணத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். குடும்பத்தோடு பதினோரு காரும் வரிசையாக மேலே ஏறி, சாப்பிட்டுவிட்டு, வரிசையாக இறங்க வேண்டும். டீ-ஷர்ட்டின் நிறத்தை முடிவு செய்யவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"போக்குவரத்துத் துறை வெப்சைட்ல ஒரு அறிவிப்பு. நம்ம மாடல்ல சில வண்டிகள்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பழுதாம். ஓட்டிட்டு இருக்கும்போதே பெடல் தரையோட போயிடுமாம். சிலிண்டர் அடியில இருக்கிற நம்பர் எழுநூத்திப் பன்னெண்டுல ஆரம்பிச்சா, கம்பெனி ஒர்க்‌ஷாப்ல இலவசமா மாத்திக்கலாம்."

"இலவசமாவா?" என்றார் தலைவர். "டாக்டர், கம்பெனிக்காரன் இலவசமா குடுத்தா அதுல ஏதோ இருக்கு. வண்டிய உள்ள விட்டா 'ரொம்பப் பழசு சார், புதுசு பாருங்க'ம்பான். இது விக்கிறதுக்கு ஒரு வழி."

"அரசாங்க அறிவிப்பு தலைவரே."

"அந்த வெப்சைட்ல இன்னும் போன மந்திரி போட்டோதான் இருக்கு. ஆளு மாறினதே அவனுக்குத் தெரியல, சிலிண்டர் அடியில இருக்கிற நம்பர் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். "தலைவர் சொல்றதும் சரி, டாக்டர் சொல்றதும் சரி" என்றார் வைப்பர். பத்து வருஷமாக எல்லா விஷயத்திலும் இரண்டு பக்கமும் போய்வருபவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். நிஜப் பெயர் சந்தா ரசீதில் மட்டும் உண்டு.

"வண்டிங்க கீழதானே நிக்குது. பானெட்டைத் திறந்து நம்பரைப் பாத்துடலாமே" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு தலைவர் பொறுமையாகச் சொன்னார்: "மச்சான், எல்லாரும் பாலிஷ் போட்டு வச்சிருக்காங்க. கையை உள்ள விட்டா எண்ணெய், அழுக்கு. நாம கார் ரசிகர்கள். மெக்கானிக் இல்ல."

விவாதம் தொடர்ந்தது. பொதுத் தகவலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பல் டாக்டர் பதினைந்து நிமிடம் பேசினார். தலைவர் இருபது நிமிடம் பேசினார். கடைசியில் தலைவர் தன் ஃபோனை உயர்த்திப் பிடித்தார்.

"இதோ, துறையோட விபத்துப் பட்டியல். நம்ம மாடல், ஒவ்வொரு வருஷமும். காரணம் பிரேக் பழுது: பூஜ்யம். ஒண்ணுகூடக் கிடையாது. இதுக்கு என்ன சொல்றீங்க டாக்டர்?"

"அதுவும் அதே வெப்சைட்தானே?"

"அது அறிவிப்பு. இது புள்ளிவிவரம்."

டாக்டர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதில் என்னிடம் இருந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு, ஆஸ்பத்திரிச் சரிவில் இறங்கும்போது என் காரின் பெடல், ஈரத் துணியை மிதித்தாற்போல, தரையோடு போயிற்று. ஒரு மரச்சாமான் கடையின் சுற்றுச்சுவரில் மோதி நின்றோம். பக்கத்தில் இருந்த என் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. ஸ்டேஷனில் எழுதுபவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "பிரேக் பழுதுன்னு எழுதினா வண்டிய சோதனைக்கு அனுப்பணும். மூணு மாசம் இங்கயே கிடக்கும், நீங்களும் நாலு தடவை வரணும். பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டேன்னா பத்து நிமிஷம். எது?" மனைவி எக்ஸ்ரே அறையில் இருந்தாள். பத்து நிமிஷம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். காரை எடைக்குப் போட்டேன். சங்கத்தில் அலுத்துப்போய் விற்றுவிட்டதாகவும், தங்கை வீட்டில் மனைவி படியில் விழுந்ததாகவும் சொன்னேன்; கால் மாற்றி மிதிப்பவனை அவர்கள் பேசும் விதம் எனக்குத் தெரியும்.

தலைவர் கையில் இருந்த பூஜ்யம் நான் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய காரில், முன்சீட்டில் என் தங்கையும் பின்சீட்டில் அவள் எட்டு வயது மகளும் மலை இறங்கப் போகிறார்கள்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குரல் பவர் சீட்டைப் படிப்பதுபோல இருந்தது. அப்படித்தான் வந்தது.

முதலில் பேசியவர் பல் டாக்டர், என் பக்கம் நின்ற ஒரே ஆள். "அப்போ பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"பொய் சொன்னேன்னு சொல்ற ஒருத்தர் இப்போ சொல்றதை எந்த அடிப்படையில ஏத்துக்கிறது?"

"பாயிண்ட்" என்றார் தலைவர்.

"அவர் சொல்றதும் சரிதான்" என்றார் வைப்பர். யாரை என்று தெரியவில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. பிரேக் நல்லது என்பதற்கு எட்டு கைகள். சந்தேகம் என்பதற்கு நான்கு. கூட்டினால் பன்னிரண்டு வந்தது. வைப்பர் இரண்டு முறையும் தூக்கியிருந்தார். அவருடைய முதல் கையே செல்லும் என்று தலைவர் தீர்ப்பளிக்க, எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் பதினோரு கார்களின் பிரேக்கும் நல்ல நிலையில் இருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. நோட்டில் எழுதினேன்.

மறுநாள் மதியம் தங்கைக்கு ஃபோன் செய்தேன். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கணவனின் காரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த நம்பர் எங்க இருக்கும்?"

கடைக்குப் பின்னால் பானெட்டைத் திறந்தோம். ஃபிரேம் போட்டுப் பார்க்க வாடிக்கையாளர்களிடம் கொடுக்கும் கைக்கண்ணாடியை நான் சிலிண்டருக்கு அடியில் பிடித்தேன். அவள் கையுறை மாட்டிக்கொண்டு அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் படம் எடுத்தாள். படத்தைத் திருப்பிப் படித்தாள். எழுநூற்றுப் பன்னிரண்டு.

"காட்டிடு அவர்கிட்ட" என்றேன்.

"காட்டினா? தலைவர் வண்டியிலயே கோளாறான்னு குதிப்பார். அப்புறம் இதுக்கும் ஒரு ஓட்டு வைப்பார்."

"நீயும் பாப்பாவும் போகாதீங்க. காய்ச்சல்னு சொல்லு."

"நாங்க போகலைன்னா அவர் தனியா போவார். அந்த மனுஷனும் எனக்கு வேணும்ல?" கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "நீ சொன்னா நம்ப மாட்டார் அண்ணே. உனக்குப் பேர் இருக்கு. பேர் இல்லாதவன் சொன்னாத்தான் நம்புவார். காலையில எந்திரிச்சதும் பல்லு விளக்காம அந்த மாதிரி ஃபார்வர்டு மெசேஜைத்தான் படிக்கிறார்."

அங்கேயே காரில் சாய்ந்துகொண்டு டைப் செய்ய ஆரம்பித்தாள். சரிவு எப்படி, பெடல் எப்படி, சுவர் எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். இடையில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உன்னை சாகடிச்சிடறேன்."

"எதுக்கு?"

"உயிரோட இருக்கிறவனுக்காக யாரு மெசேஜை அடுத்தவனுக்கு அனுப்பறா?"

நியாயமாகத்தான் பட்டது. "சரி" என்றேன்.

"அன்பு நண்பர்களே! இதைப் படிக்காமல் கடந்து செல்லாதீர்கள்!! நம் நண்பர் ஒருவர், நல்ல குடும்பத் தலைவர், தன் காரை உயிராக நேசித்தவர்..." என்று தொடங்கியது அது. ஐந்து வரியில் நான் மனைவியோடு சிரித்துப் பேசிக்கொண்டே சரிவில் இறங்கி, பெடல் தரையோடு போய், ஆஸ்பத்திரி வாசலிலேயே கண் மூடினேன். நம்பர் படம் கீழே இருந்தது. "உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருக்கிறது. பத்து பேருக்காவது அனுப்புங்கள்." அதை மகளின் பள்ளித் தாய்மார் குழுவில் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மாலை ஆறு மணிக்குள் அது எனக்கு நான்கு முறை வந்தது. நான்காவது முறை அனுப்பியவர் தலைவர். சங்கக் குழுவில், மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மிகவும் நம்பகமான இடத்திலிருந்து வந்தது. கவனம்!" வைப்பர் கும்பிடும் கைகள் மூன்றும் அழும் முகம் இரண்டும் போட்டிருந்தார். பல் டாக்டர் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார். அடிப்படை எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி அடுப்பருகே நின்று ஒரு கையில் ஃபோனைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். இடது தோள் இப்போதும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். நான் ஓட்டுகிற எதிலும் அவள் ஏறமாட்டாள்.

"பாவம்ங்க. நம்ம கார் மாதிரியே. நம்ம இடம் மாதிரியே ஒரு சரிவு. உங்களுக்காவது கால் மாறிடுச்சு, இவருக்கு நிஜமாவே பிரேக் போயிருக்கு."

"அது நான்தான்" என்றேன்.

அவள் ஃபோனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஃபோனைப் பார்த்தாள்.

"செத்துட்டார்னு போட்டிருக்கே" என்றாள்.

குழம்பு பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தாள். நான் போய்த் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை, கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வரவேற்பு மேஜையில் இருப்பவர் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தார். "என்ன சார், உங்க சங்கத்துல எல்லாருக்கும் ஒரே நாள்ல ஏசி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். காலையிலிருந்து பதினோரு காரும் வந்ததாம். எல்லாரும் ஏசி பார்க்கணும் என்றுதான் உள்ளே வந்தார்களாம். சாவியைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, அப்படியே அந்த சிலிண்டரையும், என்றார்களாம். ஒருவர் காத்திருக்கும் அறையில் நுழைந்தால் ஏற்கனவே இருந்தவர் பத்திரிகையை முகத்துக்கு உயர்த்திக்கொள்வாராம். "ஏழு வண்டியில கோளாறு சிலிண்டர். முதல் ஆளு உங்க தலைவர்தான். எட்டரைக்கே வந்து கேட்டைத் திறக்கச் சொன்னார்."

முதல் லென்ஸை மாட்டி, எழுத்துகள் தெளிவாகத் தெரிகிறதா என்று அவரிடம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு காரும் மெரூன் நிற டீ-ஷர்ட்டுகளோடு மலை ஏறின. நான் தங்கை வீட்டுக் காரின் பின்சீட்டில், பாப்பாவின் பக்கத்தில். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் நன்றாகப் பிடித்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியே தடுப்புச் சுவரின் வெள்ளைக் கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மேலே, வண்டிகளை வரிசையாக நிறுத்திய பிறகு, தலைவர் ஒரு கல்லின்மேல் ஏறினார்.

"புதன்கிழமை நாம எடுத்த முடிவு எவ்வளவு சரின்னு இன்னைக்கு நிரூபணமாயிடுச்சு. பதினோரு வண்டி, இருபத்தாறு வளைவு, ஒரு பிரேக்காவது போச்சா?"

"இல்ல!" என்றார்கள் மற்ற பத்து பேரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கை தட்டினார்கள்.

"இருந்தாலும்," குரல் கம்மியது, "நம்ம மாடலை உயிரா நேசிச்ச ஒரு நண்பரை நாம இழந்திருக்கோம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனா எனக்கு அவர் சொந்த மச்சான் மாதிரி. ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்."

ஏற்கனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தங்கை தலையைக் குனிந்திருந்தாள். தோள்கள் லேசாகக் குலுங்கின. அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்த பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நானும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். காற்று நன்றாக வீசியது.

பாப்பா என் விரலைப் பிடித்து இழுத்தாள். "மாமா, யாரு செத்துப்போனது?"

"சும்மா நில்லு பாப்பா," என்றேன். "இன்னும் அரை நிமிஷம் இருக்கு."