பச்சைப் பொட்டலம்

தெக்கி ஊர்க் கடைத்தெருவில் கிம்ஹோக்கின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி பெக்லியென். இன்னொருவர் காது கேட்காத தபால்காரர். மற்ற எல்லோரும் வண்டியை அவர் பட்டறையில் விட்டு, வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு, "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேறு என்ன செய்வது? மலையடிவாரத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. 'டூ ஸ்ட்ரோக் நிபுணர்' என்று பட்டறை நெற்றியில் சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருந்தார். எழுதியதும் அவரே. தன்னைத் தானே நிபுணர் என்று எழுதிக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும், அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். "கறுத்திருக்கு பார். எண்ணெய்ல முக்கின மாதிரி. இதுக்கு என்ன அர்த்தம்? வண்டி மூச்சு விட முடியாம திணறுது. ஏர் ஃபில்டரைக் கடைசியா எப்ப தொடச்ச? தொடச்சதே இல்ல. உன் மூக்கை இப்படிப் பொத்தினா நீ மலை ஏறுவியா?" கேட்பவன் தலையைக் குனிந்துகொள்வான்.

ஆனால் ஃபில்டர் துடைக்காதவனைவிடப் பச்சைப் பொட்டலம் வைக்கிறவன்மேல்தான் அவருக்கு ஆத்திரம். எங்கள் தீவில் யந்திரம் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலமும் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது தேங்காய்ச் சுவை போட்ட சோளப்பொரி. வங்கியில் பணம் எண்ணும் யந்திரத்தின்மேல் இருக்கும், ஆஸ்பத்திரியில் படம் பிடிக்கும் யந்திரத்தின்மேலும் இருக்கும். அது இருந்தால் யந்திரம் மக்கர் பண்ணாமல் அடக்க ஒடுக்கமாக வேலை செய்யுமாம். பச்சை மட்டும்தான் ஆகும். மஞ்சளையோ சிவப்பையோ வைத்தால் யந்திரம் முறுக்கிக்கொள்ளும். தேதி தாண்டக் கூடாது. காவலுக்கு வைத்ததைப் பிரித்துத் தின்னவே கூடாது.

"யந்திரம் ஸ்பேனர் சொன்னா கேக்கும். சோளப்பொரி சொன்னா கேக்குமா?" என்பார் கிம்ஹோக். "உன் மூளைமேல வை அந்தப் பொட்டலத்த. அதுதான் ரொம்ப நாளா ஓடல."

அவர் பட்டறைக்கு நேர் எதிரே சுன்தெக் என்ற இளைஞன் மின்சார ஸ்கூட்டர் கடை போட்டான். நல்ல பையன். வாய் திறந்தால் அண்ணே, அண்ணி. அதுவே கிம்ஹோக்குக்குப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு அவன் சார்ஜர் பெட்டியின்மேல் பச்சைப் பொட்டலம் ஒன்று கொலு வீற்றிருந்தது.

வெற்றிலைப்பாக்குக் கடை வாசலில் நாலு பேர் கூடியிருந்தபோது கிம்ஹோக் ஆரம்பித்தார். "சுன்தெக், உன் வண்டி பொரி தின்னுட்டு ஓடுதா, கரண்ட் தின்னுட்டு ஓடுதா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும்ணே. ஆனா புகை விடாது," என்றான் சுன்தெக்.

எல்லோரும் சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யா என்ன? கிம்ஹோக் சிவந்துபோய், வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார். "வர்ற மண்தாத்தா சாமி பொறந்தநாளைக்கு, பெக்லியெனையும் படையல் கூடையையும் பின்னால வெச்சுக்கிட்டு, மேல் கோயில் வரைக்கும் எங்கயும் நிக்காம ஏறுவேன். நடுவுல நின்னுச்சுன்னா இந்தப் பலகைய என் கையாலயே எறக்கிடறேன்."

சொல்லிவிட்டார். மேல் கோயில் பாதையில் பன்னிரண்டு வளைவுகள், ஒவ்வொன்றும் சுவர் மாதிரி. வண்டியோ முப்பது வருஷப் பழசு. அதுவும் அவருடைய வண்டியே அல்ல. பெக்லியென் கல்யாணத்துக்கு முன்னால் அன்னாசித் தொழிற்சாலைக்கு ஓட்டிப் போன வண்டி, சீரோடு சீராக வந்தது. 'என் வண்டி' என்று அவர் சொல்லும்போதெல்லாம் பெக்லியென் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

சபதம் போட்ட பிறகு பயம் வந்தது. பலகை போனால் இந்த ஊரில் அவர் யார்? வாயாடிக் கிழவன். அது அவருக்கே தெரியும். அடுத்த நாள் மத்தியானம், பெக்லியென் காய் வாங்கப் போனதும், பக்கத்து ஊருக்குப் போய், முகம் தெரியாத கடையில் ஒரு பச்சைப் பொட்டலம் வாங்கினார். தேதியை இரண்டு தடவை பார்த்தார். திரும்பி வந்து வண்டியின் சீட்டைத் தூக்கி, அடியில் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு லேசாக ஒரு கும்பிடும் போட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

மறுநாள் வெள்ளோட்டம். ஏழாவது வளைவில் வண்டி இருமியது, புகையைக் கக்கியது, நின்றது. பிளக்கைக் கழற்றினார். கறுப்பு, ஈரம்.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சீட்டைத் தூக்கினார். முதல் வேலையாகப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து, எண்ணெய்க் கறை படாத அலமாரியில் வைத்தார். பிறகு ஃபில்டரைப் பார்த்தார். சலவைத் துணி மாதிரி சுத்தம். புது பிளக் போட்டு உதைத்தார். ஒரே உதையில் பிடித்தது. முறுக்கினால் தெருவே அதிர்ந்தது. திருப்தியாகப் பொட்டலத்தை அதன் இடத்தில் வைத்துச் சீட்டை மூடி மலைக்குப் போனார். ஏழாவது வளைவு. இருமல். கறுப்பு, ஈரம்.

"காயில்தான்," என்றார் பெக்லியெனிடம். "சூடானா பொறி செத்துடுது. இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா செப்புக் கம்பி சுத்தறான்?"

காயிலை மாற்றினார், கண்டன்சரை மாற்றினார், பாயிண்ட்டைத் தேய்த்தார். பட்டறையில் சீட்டைக் கழற்றிவைத்து முறுக்கும்போது வண்டி புலி. மூடிக்கொண்டு மலைக்குப் போனால் பூனை. கார்ப்ரேட்டரைப் பிரித்து மிதவையைச் சரிபார்த்தார். சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுட்டு எடுத்தார். கடைசியில் எஞ்சினையே பிளந்து, கியர் எண்ணெய் உள்ளே கசிகிறது என்று ஆயில் சீலையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பொட்டலம் மரியாதையாக அலமாரிக்குப் போய், மரியாதையாகச் சீட்டுக்கடியில் திரும்பி வந்தது. உதிரிபாகம் விற்றவனைத் திட்டினார். பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினார். பாதை போட்ட காண்டிராக்டரைக்கூட விடவில்லை, வளைவு அதிகமாம்.

"கிழக்குரங்கே, போன மாசம் வரைக்கும் நல்லா ஏறிச்சே," என்றாள் பெக்லியென். "அப்புறம் புதுசா என்ன பண்ணின?"

வந்தவர்களிடமெல்லாம் அவர் கேட்கிற முதல் கேள்வி அது. "ஒண்ணும் பண்ணலயே," என்றார். வந்தவர்கள் சொல்கிற முதல் பொய்யும் அதுதான்.

அவர் மட்டும் தனியாக யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார், அந்த முடிவைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொட்டலம் சின்னது, அதனால் காவல் போதவில்லை. மறுபடி பக்கத்து ஊருக்குப் போய்ப் பெரிய பொட்டலமாக வாங்கிவந்து, சீட்டுக்கடியில் அமுக்கித் திணித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர் அந்த வெண்ணெய்க்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

மண்தாத்தா பிறந்தநாள் வந்தது. கடைத்தெரு முழுக்க மேல் கோயிலுக்குக் கிளம்பியது. பெக்லியென் கூடையில் அவித்த கோழி, பன்றிக்கறி, மீன், வேர்க்கடலை மிட்டாய் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சீட் நன்றாக அமுங்கியது. கிம்ஹோக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சுன்தெக்கின் கடையைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்.

ஏழாவது வளைவைப் பார்க்கவே வண்டிக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாலாவதிலேயே நின்றது.

பின்னால் வந்தவர்கள், சுன்தெக் உட்பட, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வாயால் யாரும் சிரிக்கவில்லை, கண்ணால் சிரித்தார்கள். வாங்கிய திட்டுகளெல்லாம் அவரவர் நெஞ்சில் வட்டியோடு இருந்தன. கிம்ஹோக் உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். வேர்வை கொட்டியது.

"பிளக்கை மாத்திப் பாருங்கண்ணே," என்றான் ஒருவன்.

மாற்றுப் பிளக்கும் ஸ்பேனரும் சீட்டுக்கடியில் இருந்தன. பொட்டலமும் அங்கேதான் இருந்தது. "தேவையில்ல," என்றார் கிம்ஹோக்.

"தேவையில்லன்னா? சாமிக்கு நேரமாகுது. சீட்டைத் தூக்கு," என்றாள் பெக்லியென்.

"தூக்க வேண்டாம்னு சொல்றேன்ல."

முப்பது வருஷமாக அவரைத் தெரிந்தவள் அவள். அவர் குரலில் திட்டு இல்லாததைக் கேட்டதும் சந்தேகம் வந்துவிட்டது. கூடையைச் சுன்தெக் கையில் கொடுத்தாள். சாவியைப் பிடுங்கிச் சீட்டைத் தூக்கினாள்.

ஃபில்டர் பெட்டி காற்றை இழுக்கும் வாயின்மேல், கச்சிதமாக அடைத்துக்கொண்டு, பெரிய பச்சைப் பொட்டலம். பெக்லியென் அதை இழுத்தாள். பிய்த்துக்கொண்டுதான் வந்தது. அதன் வயிற்றில் கிண்ணத்தை வைத்து அழுத்திய மாதிரி வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது.

"ஃபில்டர் தொடைக்கலன்னு என்னை நடுத்தெருவுல வெச்சு மூக்கைப் பொத்திக் காட்டினீங்களேண்ணே," என்றான் பிளக் மாற்றச் சொன்னவன், மிகவும் பணிவாக.

கிம்ஹோக்குக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காயில், கண்டன்சர், சீல், பிளந்த எஞ்சின், திட்டு வாங்கிய பங்க்காரன் எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக, திட்டுவதற்கு அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

பெக்லியென் பொட்டலத்தைப் பிரித்தாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காவல் பொட்டலத்தைத் தின்னக் கூடாது. அவள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"வண்டி அடங்கிக் கெடக்கணும்னுதானே வெச்ச? அடங்கிருச்சு. வேண்டின மாதிரியே ஆயிருச்சு, எதுக்கு மொறைக்கற?" மீதியை அவர் கையில் திணித்தாள். பிளக்கைத் தானே கழற்றித் துடைத்து மாட்டினாள். கூடையை வாங்கிப் பின்னால் கட்டினாள். ஏறி உட்கார்ந்து ஒரே உதை. வண்டி சீறிக்கொண்டு கிளம்பி, ஐந்தாவது வளைவில் திரும்பி மறைந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று சத்தம் மேலே ஏறிக்கொண்டே போனதை எல்லோரும் கேட்டார்கள்.

கிம்ஹோக் பிரித்த பொட்டலத்தோடு சாலையில் நின்றார். "பலகைய எறக்கிடறேன்," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"எதுக்குண்ணே?" என்றான் சுன்தெக். "வண்டி எங்க நின்னுச்சு? நீங்கதானே நிறுத்திட்டீங்க. அதுமேல ஒரு குத்தமும் இல்ல. ஏறுங்க, நேரமாகுது."

மின்சார ஸ்கூட்டரின் பின்னால், சத்தமில்லாமல், புகையில்லாமல், மடியில் சோளப்பொரியோடு கிம்ஹோக் மேல் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரைத் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பலகையை இறக்கும்படி ஊரில் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் பட்டறையைத் திறக்கும்போது, பலகையின் ஆணியில் புதிதாக ஒரு பச்சைப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. 'நிபுணர்' என்ற சொல்லுக்கு நேர் கீழே. யார் மாட்டியது என்று தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாம், ஊரில் அத்தனை பேருக்கும் காரணம் இருந்தது.

கிம்ஹோக் பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியை எடுத்துவந்து சாத்தினார். ஏறினார். பொட்டலத்தைக் கையில் பிடித்துத் திருப்பினார். பிறகு வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெக்லியென் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், எடுக்கலியா?"

"தேதி இன்னும் முடியல," என்றார் கிம்ஹோக்.