மண்டபத்துக்கு மேலே யோர்ன் ஆலர்ஸ்

யோர்ன் ஆலர்ஸ் விண்வெளிக்குப் போனதில் ஜெர்மனிக்கே பெருமை. அவன் பிறந்த க்ளைன்வெஸ்டராவுக்கோ தலைகால் புரியவில்லை. கசாப்புக்கடையில் 'ராக்கெட்' சாசேஜ் விற்றார்கள். பழைய சாசேஜ்தான், முனை மட்டும் கூர். அவனைப் பெயிலாக்கிய கணக்கு வாத்தியார்கூட, "அப்பவே அவன்கிட்ட ஒரு பொறி இருந்துச்சு" என்று டிவியில் சொல்லிவிட்டார்.

மேயர் ஹார்ட்விக் ட்யூனெபியருக்குப் பெருமை மட்டும் போதாது, ஓட்டும் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எதிர்த்து நிற்பவள் தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவி கிசெலா. மேலேயிருந்து யோர்ன் ஒரே ஒரு தடவை "நம்ம ஹார்ட்விக்" என்று சொல்லிவிட்டால் ஜெயித்த மாதிரிதான்.

யோர்ன் மேலேயிருந்து ரேடியோவில் பேசப்போகிறான் என்று வெள்ளிக்கிழமை மாலை ஊர் மண்டபத்தில் நிற்க இடமில்லை. டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். ரேடியோ சங்கத்து ரோஸ்விதா கருவியைத் திருகிக்கொண்டே எச்சரித்தாள்.

"மேயரே, விண்வெளி நிலையம் சில நிமிஷந்தான் நம்ம பக்கம் இருக்கும். அடிவானத்துல இறங்கிட்டா பேச்சு கட். சுருக்கமா முடிங்க."

"எனக்கே பேசச் சொல்லித் தர்றியா?"

"பேசவா? நிறுத்தச் சொல்லித் தர்றேன்."

இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல்: "க்ளைன்வெஸ்டராவ்! யோர்ன் பேசறேன். கேக்குதா? ஓவர்."

மண்டபம் அலறியது. மேயருக்கே புல்லரித்துவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"மதிப்பிற்குரிய மாவட்டத் தலைவர் அவர்களே..."

அந்த ஊரில் மேடையேறுகிறவர் முக்கியஸ்தர்களைப் பதவி வரிசைப்படி வணங்கியாக வேண்டும். ஒருவரை விட்டால் இரண்டு தலைமுறைக்குப் பகை. சேமிப்பு வங்கி மேலாளர், பாதிரியார்கள் இருவர், துப்பாக்கி சுடுவோர் சங்கம், பாடகர் குழு, முயல் வளர்ப்போர் சங்கம் என்று மேயர் இறங்கிக்கொண்டே போனார். ஆகாயத்தில் யோர்ன் ஐரோப்பாவைத் தாண்டிக்கொண்டிருந்தான். ரோஸ்விதா மேயரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"...உங்கள் மேயராகிய நானும், அன்பு யோர்ன், உன்னை வாழ்த்துகிறோம்! ஓவர்."

"நன்றி மேயரே! ஆனா ஒருத்தரை விட்டுட்டீங்க." சிரிப்பு கரகரத்தது. "நம்ம தீயணைப்புப் படை! என் தலையில முதல் ஹெல்மெட்டை மாட்டிவிட்டதே கிசெலாதான். கிசெலா, இருக்கியா? ஓவர்."

மேயர் வேண்டுமென்றேதான் விட்டிருந்தார். மைக் அவர் மூக்குக்கு முன்னால் கிசெலாவிடம் பறந்தது.

"இருக்கேன்டா யோர்ன்! மேல தீ கீ பிடிச்சா கூப்பிடு! ஓவர்."

"கூப்பிட்டா வந்துடுவியா? போன தடவை தண்ணி பம்ப்பையே மறந்துட்டு..."

இரைச்சல். போய்விட்டான்.

மண்டபம் வெடித்தது. மேசையைத் தட்டினார்கள், தரையை மிதித்தார்கள். முயல் சங்கத் தலைவர் பாதிரியார் ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மாவட்டத் தலைவர், மேயர் நீட்டிய கையைக் கடந்து, கிசெலாவிடம் ஓடினார்.

மேயர் ரோஸ்விதாவிடம் குனிந்தார். "'மேயரே'ன்னு என்னைத்தானே முதல்ல கூப்பிட்டான்? நாடே கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும். எதுக்குக் கூப்பிட்டான்ங்கறதையும்."