குளுக்கோஸ் கசந்த பரம்பரை

மதிய நேரம். பேக்கரியில் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்கள் எல்லாரும் தூங்கப் போயிருந்தார்கள். மாவு பிசையும் மெஷினுக்கு முன்னால் குப்புறப் படுத்து, அதன் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் கரப்பான் டாக்டர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் கரப்பான் பூச்சிக்கு மருந்து வைப்பவர். அந்தப் பேரைத் தெரு முதலில் கேலிக்குத்தான் வைத்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே மரியாதையாகிவிட்டது.

மருந்தை அவரே வீட்டில் செய்வார். குளுக்கோஸ் பவுடரைப் பாகாக்கி, போரிக் பவுடரும் மைதாவும் போட்டுப் பிசைந்து, பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்துவிட்டால் முடிந்தது. தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து இதே பக்குவம். ஒரு சிட்டிகை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. தன் கையால் செத்த பூச்சிகளெல்லாம் சொர்க்கத்தில் கூட்டம் போட்டால் உட்கார இடம் பத்தாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு கரப்பான் வந்தது. மீசையால் உருண்டையைத் தடவியது. வாய் வைத்தது. வைத்த வேகத்தில், சுடுபாலில் வாய் வைத்த பூனை மாதிரி பின்னால் துள்ளி, காலால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த வெண்ணெய்த் தாளை நக்கப் போய்விட்டது.

"என்ன டாக்டரு, பேஷண்ட் மருந்து சாப்பிட மாட்டேங்குதா?" என்றார் பின்னால் நின்ற பேக்கரிக்காரர்.

"புது எடம்ணே. கொஞ்சம் கூச்சப்படுது."

"அது பொறந்து வளர்ந்த எடமே இதுதான்யா. வெண்ணெய்த் தாளை நக்குது, மாவு மூட்டையில உருளுது. உன் உருண்டையை மட்டும் தாண்டிப் போகுது. ஒழுங்கா சொல்லு, மருந்துல என்னத்தைக் கலந்த?"

டாக்டர் எழுந்து சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டினார். முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, என்னை என்ன வேணா சொல்லுங்க. மருந்தைச் சொல்லாதீங்க."

"மருந்தைத்தான் சொல்லுவேன். அடுத்த மாசம் சுகாதார ஆபீஸர் வர்றாரு. ஒரு மீசை ஆடினாலும் கடைக்குப் பூட்டு. புகை அடிக்கிற கம்பெனிக்காரன் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டான். உனக்காகத்தான் பார்க்கிறேன். அடுத்த வாரம் வரைக்கும் பார்ப்பேன், அவ்வளவுதான்."

டாக்டர் முதன்முதலில் மருந்து வைத்த கடை இதுதான். பேக்கரிக்காரர் நல்லவிதமாகச் சொன்னதைக் கேட்டுத்தான் சாப்பாட்டுக்கடை, ஹாஸ்டல், மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. இவர் கலப்படம் என்று வாய் திறந்தால் எல்லாம் வந்த வழியே போய்விடும். டாக்டருக்கு வேறு தொழிலும் தெரியாது. தெருவில் வேறு பேரும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றி, குளுக்கோஸை டப்பாவோடு கவிழ்த்தார். கசந்தால்தானே ஓடும், இனிப்பை இரண்டு மடங்காக்கினால் எங்கே போகும் என்பது அவர் கணக்கு.

"ஏங்க, இது எறும்புக்கே திகட்டுமேங்க" என்றார் மனைவி.

மனைவியின் தங்கை பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். லீவுக்கு வந்தவள், சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா முகமே சரியில்லையே. எந்தப் பூச்சி என்ன சொல்லிச்சு?"

டாக்டர் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்குப் புரிஞ்சு போச்சு. அதுங்க கத்துக்கிச்சுங்க. எத்தனை வருஷமா கூட இருக்கிறவன் சாகறதைப் பார்க்குது. இந்த உருண்டைப் பக்கம் போகாதேன்னு ஆத்தாக்காரி குஞ்சுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா" என்றார்.

"சரிதான். கரும்பலகை எங்க மாட்டியிருக்காங்க? அடுப்புக்குப் பின்னாலயா?"

"சிரிக்காதே. பழக்கம் ரத்தத்துல இறங்கும்னு நீயே ஒரு நாள் சொன்ன."

"நான் சொல்லல, அந்தக் காலத்துல ஒருத்தர் சொன்னாரு. ஒட்டகச்சிவிங்கி எட்டாத இலைக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, நீண்ட கழுத்தோட குட்டி போட்டுச்சாம். நீங்க அவர் கட்சி. அந்தக் கட்சி கலைஞ்சு ரொம்ப நாளாச்சு மாமா."

"அப்போ உன் கட்சி என்ன சொல்லுது?"

"டார்வின் கட்சி. ஒரே கூட்டத்துல பொறக்கும்போதே ஒண்ணு கொஞ்சம் அப்படி, ஒண்ணு கொஞ்சம் இப்படி இருக்கும். இருக்கிற எடத்துக்கு எது ஒத்து வருதோ அது தப்பிச்சுப் புள்ளை பெத்துக்கும். மத்தது பெத்துக்காம போயிடும். இப்படியே போய்ப் போய்க் கூட்டமே மாறிடும். ஆனா அதுக்கெல்லாம் லட்சக்கணக்குல வருஷம் ஆகும். உங்க பேக்கரியில நடக்கிற சமாச்சாரம் இல்ல. உங்க பவுடர் பழசாயிருக்கும்."

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரைப் பழசு என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பவுடரைச் சொன்னது பொறுக்கவில்லை. மறுநாளே பேக்கரிக்குப் போய், வால் பக்கம் முட்டைப் பை துருத்திக்கொண்டிருந்த ஒரு தாய்க் கரப்பானைப் பிடித்துவந்தார். அலமாரியிலிருந்து காபி பாட்டிலை எடுத்து, ஏறி வெளியே வராமலிருக்க உள்கழுத்தில் வாஸ்லின் தடவி, பூச்சியை அதில் விட்டார்.

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றார். "ஊருக்கெல்லாம் கரப்பானை ஒழிக்கிறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"நாலு நாள் பொறு. குஞ்சு பொரிச்ச உடனே ஆத்தாளைத் தூக்கிடுவேன். சொல்லிக் குடுக்க ஆள் இருக்காது. அப்புறம் உருண்டையை வெப்பேன். தின்னா நான் சொன்னது சரி, கத்துக் குடுக்காததால தின்னுச்சு. திங்கலைன்னா..."

"திங்கலைன்னா?" என்றாள் மச்சினி.

"திங்கலைன்னா அப்போ பார்ப்போம்."

"டார்வினும் இப்படித்தான் வீட்லயே புறா வளர்த்தாராம். புறா வளர்க்கிறவங்க தங்களுக்குப் பிடிச்சதைத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்துத்தானே விதவிதமா உண்டாக்குறாங்க, அதையே இயற்கையும் செய்யுதுன்னு காட்டினாரு. அவர் வீட்டம்மா பொறுத்துக்கிட்டாங்கக்கா."

"அது புறாடி" என்றார் அக்கா. "முத்தம் குடுக்கலாம்."

குஞ்சுகள் பொரிந்தன. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன, உடம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. டாக்டர் தாயை வெளியே எடுத்தார். குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பட்டினி போட்டார். எது தின்றது, எது தின்னவில்லை என்று எப்படித் தெரியும் என்று மச்சினி கேட்டாள். டாக்டர் கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரைக் குளுக்கோஸ் பாகில் ஒரு சொட்டு விட்டார். தின்றவனின் வயிறு சிவக்கும், வெளியிலிருந்தே தெரியும். மச்சினி பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து வரும் பாராட்டு அதுதான்.

மூன்று தலைகளும் பாட்டிலைச் சுற்றிக் குனிந்தன. நாலைந்து குஞ்சுகள் ஓடிவந்து பாகில் வாய் வைத்துக் குடித்தன. வயிறு மாணிக்கக் கல் மாதிரி சிவந்தது.

"பார்த்தியா" என்றார் டாக்டர். "சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, தின்னுதுங்க."

"மத்ததைப் பாருங்க மாமா."

மற்றதெல்லாம் வந்தன, வாய் வைத்தன, துள்ளின, மூஞ்சியைத் துடைத்துக்கொண்டன. பேக்கரியில் பார்த்த அதே துள்ளல். உலகத்தில் ஒரு உருண்டையைக்கூடப் பார்த்திராத, ஒரு சாவைக்கூடப் பார்த்திராத குஞ்சுகள் அவை. பாகோடு சேர்த்து மறுபக்கம் போட்டு வைத்திருந்த ரொட்டித் தூளை மட்டும் பசியோடு தின்றன.

டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஒரே ஆத்தா. ஒரே பை. கொஞ்சம் திங்குது, மத்தது திங்கல. கத்துக்கிட்டது ரத்தத்துல இறங்கியிருந்தா எல்லாத்துக்கும்தானே இறங்கணும்?"

"இதுல என்ன அதிசயம்?" என்றார் மனைவி. "நானும் இவளும் ஒரே வயித்துலதான் பொறந்தோம். இவளுக்கு இனிப்புன்னா உசுரு. எனக்கு ஒரு வாய் வெச்சா குமட்டும். யாரு கத்துக் குடுத்தா? பொறப்பு அப்படி."

மச்சினி நிமிர்ந்தாள். பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"மாமா, நீங்க முதல் தடவை மருந்து வெச்சப்போ அந்தக் கடையில எத்தனை இருந்திருக்கும்?"

"எண்ண முடியுமா? சுவரே நகர்ற மாதிரி இருக்கும்."

"அதுல என் அக்கா மாதிரி இனிப்பு ஆகாதது எங்கயோ ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். அதுக்கு குளுக்கோஸ் நாக்குல கசந்திருக்கும். நீங்க வெச்சதுக்கு முன்னாடி அதால அதுங்களுக்கு ஒரு லாபமும் இல்ல, நஷ்டம்தான். உருண்டை வந்தப்புறம் இனிப்பு பிடிச்சதெல்லாம் தின்னு செத்துச்சு. கசந்தது மட்டும் புள்ளை பெத்துச்சு. அடுத்த தடவையும் நீங்க அதே உருண்டை..."

"அடுத்த தடவையும் அதே" என்றார் டாக்டர்.

"அதுக்கு அடுத்த தடவையும். கரப்பானுக்கு ஒரு தலைமுறைன்னா எவ்வளவு நாள்?"

"மூணு மாசம். சூடான எடம்னா அதுக்கும் முன்னாடியே."

மச்சினி நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நான் வருஷத்தைச் சொன்னேன், தலைமுறையைச் சொல்லியிருக்கணும். மனுஷன் தாத்தா ஆகறதுக்குள்ள இது எத்தனை பரம்பரை பார்த்துடுது. இத்தனை வருஷமா பசங்களுக்கு லட்சம் வருஷம், லட்சம் வருஷம்னு ஒப்பிச்சிட்டிருக்கேன். என் கண்ணெதிர்ல காபி பாட்டில்ல ஓடுது."

"அப்போ என் மருந்து கலப்படம் இல்ல."

"சுத்தம் மாமா. அவ்வளவு சுத்தமா, ஒரு தடவைகூடத் தவறாம வெச்சதாலதான் இப்படி. புறாக்காரங்க நல்ல புறாவாப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாங்க. நீங்க உங்க மருந்து பிடிக்காத கரப்பானாப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கீங்க."

"சும்மா சொல்லக்கூடாது" என்றார் மனைவி. "புள்ளைங்க நல்லா வந்திருக்குங்க."

அன்று டாக்டர் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்தின் மானம் தப்பிவிட்டது. ஆனால் அதைப் பேக்கரிக்காரரிடம் நிரூபிக்க வேண்டுமென்றால், உன் கடைப் பூச்சியை இப்படி ஆக்கினவன் நானேதான் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். கலப்படம் என்ற பழியைக் கேட்டுக்கொண்டு பேசாமல் மருந்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டாலும் வேலை நடக்கும். பழைய சரக்கு கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் போதும். பொய் சொல்ல அவர் மனது ஒப்பிவிட்டது. அந்தப் பொய்யில் கெட்டவனாகப் போவது மருந்து என்பதற்குத்தான் ஒப்பவில்லை.

பேக்கரிக்காரர் சொன்ன கெடு முடிவதற்கு முந்தின மதியம் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் கேட்ட பேக்கரிக்காரர், சிவந்த வயிற்றையும் சிவக்காத வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆக, இத்தனை வருஷமா என் கடையை வாடகை இல்லாத பண்ணையா வெச்சிருந்திருக்க."

"அப்படியும் சொல்லலாம்ணே."

"புகைக்காரன் வந்தா இப்படியா பேசுவான்? எங்க மருந்து ஒசத்தி, பூச்சி மோசம்னு சொல்லுவான். நீ என்னடான்னா, மருந்தும் நல்லது, பூச்சியும் நல்லது, நான்தான் மக்குன்னு சொல்ற."

டாக்டர் பையிலிருந்து புது உருண்டையை எடுத்தார். அதே போரிக் பவுடரோடு, குளுக்கோஸுக்குப் பதிலாக வறுத்த வேர்க்கடலையும் முட்டை மஞ்சள் கருவும் போட்டுப் பிசைந்தது. அதில் இனிப்பு என்று எதுவும் கிடையாது.

"வெண்ணெய்த் தாளை எல்லாம் எடுத்துக் கட்டிடச் சொல்லுங்க. மாவு மூட்டையை மூடி வைங்க. திங்கறதுக்கு இது மட்டும்தான் இருக்கணும். இதுக்கும் அசையலைன்னா நீங்க அந்தக் கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்க. நானே போன் பண்ணித் தர்றேன்."

பேக்கரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சுகாதார ஆபீஸர் வந்த அன்று மெஷினைத் தள்ளச் சொல்லிப் பார்த்தார், அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கடைசியில் ஒரு பன்னை வாங்கித் தின்றுவிட்டுப் போனார். மதியம் டாக்டர் வந்தபோது பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்தே கையைத் தூக்கினார்.

"ஒண்ணுகூட இல்லய்யா. சாப்பாட்டுக்கடைக்காரன்கிட்ட நானே சொல்லிட்டேன், டாக்டரைத் தவிர எவனையும் உள்ள விடாதேன்னு. இனிமே இந்த வேர்க்கடலை உருண்டைதான், சொல்லிட்டேன். வேற எதையும் தூக்கிட்டு வராதே. இதை மாத்தவே கூடாது."

இத்தனை வருஷத் தொழிலில் டாக்டர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். கேட்டதும் அவர் கண் மெஷினுக்கு அடியில் போனது.

"மாத்திடுவேன்ணே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை."

"நல்லா வேலை செய்யறதை எவனாவது மாத்துவானா?"

"நல்லா வேலை செய்யறதாலதான் மாத்தணும்."

பேக்கரிக்காரர் யோசித்தார். சலித்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காரு என்று கண்ணால் காட்டினார்.

"அப்போ உன் வேலை என்னைக்குத்தான்யா முடியும்?"

"முடியாதுண்ணே" என்று உட்கார்ந்தார் டாக்டர். "அதுங்களுக்கும் முடியாது."