மூன்றாவது குப்பி

1995 மார்ச்சில் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டாவது கடிதமும் பழைய செய்தியையே சொன்னது. நூர்பானு குப்பியில் அனுப்பிய வெள்ளைப் பொடியை மெல்லிய படலமாக்கி மின்சாரம் செலுத்தியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. எட்டாவது நிமிடத்தில் படலம் படிகமாகி, கரும்புள்ளிகள் விழுந்து அணைந்துவிட்டது.

நூர்பானு ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் விரிவுரையாளர். கரிமப் பொருளால் ஒளிரும் புதுவகை விளக்குக்குள் எலக்ட்ரான்களைக் கடத்திக்கொடுக்கும் பொருளைத் தேடி மூன்று வருடமாகிறது. கடிதத்துக்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வீடு போனாள். தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதுதான் வினை என்று தோன்றியது. மூலக்கூறின் ஓரத்தில் பருத்த அணுத்தொகுதி ஒன்றை மாட்டினால் அப்படி அடுக்க முடியாதே?

மே மாதம் புதுப் பொடி கிடைத்தது. அதை வெற்றிடக் குழாயில் ஆறு மணி நேரம் சூடாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அன்றைக்குத்தான் தங்கை சௌதாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"மூணு மணிக்கு அவிய வந்துருவாக. இன்னைக்குமா போவணும் லாத்தா?" என்று அக்காவை வழிமறித்தாள் சௌதா.

"ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன்ட்டி."

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. குழாயில் வெற்றிடம் இழுத்த பம்பு நின்றது.

"வால்வு! பரிபூரணம்மா, வால்வ மூடுங்க!"

ஆய்வக உதவியாளர் பரிபூரணம் ஓடிப்போய்த் திருகினாள். பம்பின் எண்ணெய் குழாய்க்குள் ஏறவில்லை, பொடி தப்பியது. கரண்ட் வந்தபோது மணி ஒன்றரை. இன்னும் மூன்று மணி நேர வேலை பாக்கி.

"நீங்க கெளம்புங்க மேடம். நான் பாத்துக்கிடுதேன்."

நூர்பானு பேருந்தில் ஏறினாள். முதல் நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் ஆய்வகத்துக்கே திரும்பி நடந்தாள்.

வேலையை முடித்து வீடு சேர்ந்தபோது வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். சம்பந்தம் முடிவாகியிருந்தது. ஆனால் சௌதா நான்கு நாள் அவளிடம் பேசவில்லை.

ஜூலையில், மூன்றாவது குப்பியைச் சோதித்த பெங்களூர் ஆய்வகத்திலிருந்து கல்லூரிக்குத் தொலைபேசி வந்தது. படலம் படிகமாகவில்லை, விளக்கு பதினோரு மணி நேரம் எரிந்தது. நூர்பானு ரிசீவரை வைத்துவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் சௌதாவிடம்தான் முதலில் சொன்னாள்.

"பொறவு?"

"அணைஞ்சுபோச்சு."

"இதுக்குத்தானா என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு வராம இருந்த?" சௌதா சிரித்துவிட்டாள்.

நூர்பானுவும் சிரித்தாள். ஆனால் பன்னிரண்டாவது மணி நேரத்தில் என்ன கெட்டது என்று உள்ளே கேள்வி அரிக்கத் தொடங்கியிருந்தது. தங்கை போட்ட தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நூர்பானு எழுதக் காகிதம் தேடினாள்.