மூன்று சிம், ஒரு போன்

இப்போது செல்வலட்சுமியின் டச் போனை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை. 2011இல் அப்படியில்லை. தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் தங்கிய அவள், சுகப்பிரியா, முப்பிடாதி மூவருக்கும் ஒரே போன்தான், எண்கள் தேய்ந்த பட்டன் போன். சிம் மட்டும் ஆளுக்கொன்று. பேச வேண்டியவள் மூடியைக் கழற்றி, பேட்டரியைத் தூக்கி, முன்னவள் சிம்மை நகத்தால் நெம்பிவிட்டுத் தன்னுடையதைச் செருகுவாள். ஒருத்தி மெசேஜ் இன்னொருத்தி கண்ணில் படக்கூடாதென்று எல்லாவற்றையும் சிம்மிலேயே சேமித்தார்கள். அந்தப் போனுக்காகப் போட்ட சண்டைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். ஆளாளுக்கு ஒரு போன் வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. பேச்சும் ஓய்ந்தது.

அந்த ஆடி மாதம் ஒருநாள் மதிய ஷிப்டுக்குச் செல்வலட்சுமியின் பழைய ஸ்கூட்டியில் இருவர் போனார்கள். பின்னால் சுகப்பிரியா. ஒரகடம் கூட்டுரோட்டில் போலீஸ் செக்கிங்.

இவர்களுக்கு முன்னால் ஒரு பெண்ணும் பையனும் பைக்கில் மாட்டியிருந்தார்கள். எஸ்.ஐ. அந்தப் பெண்ணின் போனை வாங்கி, மெசேஜ்களைப் படித்துச் சிரித்துவிட்டு, அவள் அப்பா நம்பரை அழுத்தினார்.

“உங்க பொண்ணு இங்க யாரோட சுத்திகினு கீதுன்னு தெரியுமாய்யா?”

அந்தப் பெண் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்பது தெற்கிலிருந்து வந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அப்பா வருவார், வேலை போகும், தெரியாத எவனுக்காவது கல்யாணம் முடியும்.

செல்வலட்சுமியின் பையிலிருந்த போனில் அன்று கிடந்தது சுகப்பிரியாவின் சிம். அது நிறைய ஜெபகுமாரின் மெசேஜ். வல்லத்துப் பையன், ஊர்ப்பேச்சில் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், கம்பெனியில் சுகப்பிரியாவின் லைனிலேயே வேலை.

எஸ்.ஐ. லைசென்ஸ் கேட்டார், ஆர்.சி. கேட்டார், இன்சூரன்ஸ் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

“போனைக் குடு.”

“போன் எதுக்கு சார்?”

“திருட்டு போனு ஜாஸ்தியா ஓடிகினு கீது. பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

“குடுத்துராதட்டி,” முதுகுக்குப் பின்னால் சுகப்பிரியா கிசுகிசுத்தாள்.

செல்வலட்சுமி வீட்டில் காக்கிச் சட்டையைக் கண்டால் ஆடு மாடுகூட எழுந்து நிற்கும். அந்த வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். எழுதிக் கொடு என்று கேட்டால் அதிகாரத்துக்கு நாக்குக் குழறும் என்பதை ஸ்காலர்ஷிப்புக்காகக் கல்லூரி ஆபீசுக்கு நடந்து நடந்து கற்றிருந்தாள்.

“வண்டி ஓட்டுறவ காட்ட வேண்டியதக் காட்டிட்டேன் சார். என் மேல கேஸ் இருக்கா? இருந்தா, இன்ன கேசுக்கு எடுக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு எடுங்க.”

“இன்னாம்மா சட்டம் பேசறே? வக்கீலுக்குப் படிச்சிகிறியா?”

“பிசிக்ஸ் சார்.”

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எஸ்.ஐ.க்கு முகம் கறுத்தது. “அப்போ திருட்டு போனா இல்லியான்னு நான் எப்டித் தெரிஞ்சிக்கறது?”

“பேட்டரிக்கு அடியில போனோட நம்பர் இருக்கும். மெசேஜ்ல திருடன் பேரா எழுதியிருக்கும்?”

சொல்லும்போதே அவள் கை வேலையை முடித்துவிட்டது. மூடி, பேட்டரி, சிம். சிம் இடது கைக்குள் போனது. வெறும் கூட்டை நீட்டினாள்.

“சிம்மு எங்க?”

“சிம்மு திருட்டுன்னு நீங்க சொல்லலையே சார்.”

மூடிய கையை இன்னும் இறுக்கினாள். அவர் விரலைப் பிரித்தால் அவ்வளவுதான். சட்டம் அவள் பக்கம் இருக்கலாம், ஆனால் ரோட்டில் நின்றது அவர்தான்.

பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரனை விடாமல் அழுத்தின. “அந்தக்கா கேக்கறது கரெக்ட்டுதானே சார்? ஷிப்டுக்கு லேட்டாவுது, வுடுங்க!” என்று ஒருவன் கத்தினான். எஸ்.ஐ. பேட்டரிக்கு அடியிலிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு கூட்டை ஸ்கூட்டி சீட்டில் விட்டெறிந்தார்.

“ஓரமா நில்லு. நான் சொல்றப்ப போ.”

வெயிலில் நின்றார்கள். கம்பெனி கேட் மூடிய பிறகுதான் போகச் சொன்னார். அன்றைய வேலை போச்சு.

பஸ் ஸ்டாப் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, செல்வலட்சுமி அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைது தீர்த்தாள். சுகப்பிரியா கையை நீட்டினாள்.

“சிம்மைத் தாட்டி. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு, எவனோ போன் போட்டுச் சொல்லி எங்கம்மா கேக்கக் கூடாது. நானே சொல்லிருதேன்.”

“கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? பெறகு எதுக்குட்டி இம்புட்டு நேரம் வெயில்ல காஞ்சோம்?”

“நானே சொல்லதுக்குத்தான்.”

சிம்மைப் போட்டாள், நம்பரை அழுத்தினாள். “எம்மா, ஒண்ணு சொல்லணும். ஏசாமக் கேளு.”

வீட்டுக்குப் பேசுகிறவளை விட்டு விலகி நிற்பது அந்த அறையில் பழக்கம். செல்வலட்சுமி நாலு எட்டுத் தள்ளிப் போனாள். அங்கேயும் அம்மாவின் கத்தல் கேட்டது. சுகப்பிரியா கண்ணீரைத் துடைத்துத் துடைத்து, போனைக் காதிலிருந்து எடுக்காமல், “ஆமாம்மா, வேதக்காரப் பையந்தான்” என்றாள்.