கோடு தடித்துவிட்டது

எங்கள் பள்ளியில் இரண்டு வகை ஆசிரியர்கள் உண்டு. பாடம் நடத்துபவர்கள் ஒரு வகை, சும்மா இருப்பவர்கள் இன்னொரு வகை. ஓவியம் சொல்லித்தரும் நான், பாட்டு வாத்தியார், ‘விசில்’ என்று பிள்ளைகள் பெயர் வைத்த விளையாட்டு வாத்தியார் மூவரும் இரண்டாவது வகை. ஆய்வகத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே எங்களுக்கு ஓர் அறை. பதினான்கு வருடமாக நான் அங்கேதான் சும்மா இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்பின் ஓவியம், பாட்டு, விளையாட்டு வகுப்புகளையெல்லாம் கணக்குக்கே தந்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியைக்குக் கடிதம் கொடுத்த புண்ணியவானும் அவர்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் மூச்சு விடவில்லை மனிதர்.

தலைமையாசிரியை ஒரு முடிவு சொன்னார். இந்தத் தேர்வில் வகுப்பின் கணக்குச் சராசரி ஐம்பதைத் தொட்டால் எங்கள் வகுப்புகள் அப்படியே இருக்கும். தொடாவிட்டால் பத்தாம் வகுப்புக்கு இனி ஓவியம் கிடையாது.

தேர்வு முடிந்த மறுநாள் ஆசிரியர்கள் வாலிபால் ஆடினார்கள். என் வீட்டுக்காரர் எகிறி அடிக்கப்போய், பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

சனிக்கிழமை காலை தலைமையாசிரியை அவருடைய கணக்கு விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். “மத்தவங்க எல்லாம் அவங்கவங்க பேப்பரைத் திருத்திட்டிருக்காங்க. நீங்க மூணு பேரும் சும்மாதானே இருக்கீங்க?”

“எங்க வகுப்பு இருக்குமா போகுமான்னு முடிவு பண்ற பேப்பரை நாங்களே திருத்தறதா?” என்றேன்.

“உங்களை நம்பறேன் டீச்சர்.”

அந்த ஒரு வார்த்தையில்தான் வினையே பிடித்தது. எங்களுக்குச் சாதகமாக ஒரு மார்க் கூட்டிப் போட்டார்கள் என்று நாளைக்கு எவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது. மூவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம்.

விசில் சாருக்கு வேகக் கணக்கு. நூறு மீட்டரை ஒருவன் எட்டு வினாடியில் ஓடினால் அவன் வேகம் என்ன என்பது கேள்வி. அவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். “எட்டு செகண்டா? எவனால முடியும்? மூணு வருஷமா கிரவுண்டுல என்கூட நிக்கற பசங்க, இதை எப்படி நம்புனாங்க?” நம்பி விடை எழுதிய அத்தனை பேருக்கும் முட்டை. ஒன்றுமே எழுதாமல் விட்ட ஒரே ஒருவனுக்கு முழு மார்க்.

பாட்டு வாத்தியாருக்குக் கூட்டல் வேலை. தொடையில் ஆதி தாளம் தட்டி எண்ணினார். எட்டு வந்ததும், பழக்கதோஷம், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடுவார். அதனால் பல தாள்களில் ஓர் எட்டு சத்தமில்லாமல் காணாமல் போனது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். முக்கோணம் வரைந்து அதன் மூன்று முனைகளையும் தொடும் வட்டம் வரைக. பத்து மார்க். முதல் தாளிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பென்சில் கூராக இல்லை. அடுத்ததில் காம்பஸ் முள் குத்திய இடம் ஓட்டையாகிக் கிடந்தது. ‘கோடு தடித்துவிட்டது’ என்று சிவப்பில் எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். நாற்பது தாளிலும் இதே கதை. என்னிடம் படித்த பிள்ளைகள் இப்படிக் கோடு போட்டால் நான் விடுவேனா?

சராசரி நாற்பத்தாறு. திங்கட்கிழமை புது டைம்டேபிள் ஒட்டிவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். தொட்டிப் பக்கம் போய்த் தனியாக அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, விடைத்தாள் கட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து அவர் முன்னால் பொத்தென்று போட்டேன்.

“திருப்திதானே? வெச்சுக்கோங்க.”

ஞாயிறு காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட அவருக்கு நான்தான் வேண்டும். வேண்டுமென்றே ஒன்று மாற்றிப் போட்டேன். அதே கோணலோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார். விசில் சாரின் முட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். காணாமல் போன எட்டுகளைக் கண்டுபிடித்தார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு தாளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்கு ஏன் மூணு போட்ட?”

“கோடு எவ்வளவு தடிமன்னு பாருங்க.”

“கோட்டுக்கு யார் மார்க் கேட்டா? வட்டம் மூணு முனையையும் தொடுதா இல்லையா?”

எட்டிப் பார்த்தேன். தொட்டது. அடுத்த தாளிலும் தொட்டது. என் வகுப்பை என் கையாலேயே வெட்டிப் போட்டிருக்கிறேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன், கத்தாத. இந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்ல. பழைய கேள்வித்தாளைப் பார்த்து எடுத்ததுல தவறி வந்துடுச்சு. எல்லாருக்கும் பத்து மார்க் போச்சுன்னு அன்னைக்கே கைகழுவிட்டேன். வெளியே சொல்ல வெட்கம். இவங்களுக்கு இதை யார் சொல்லித்தந்தது?”

போன மாதம் தட்டுக்குப் பூ டிசைன் போடச் சொல்லியிருந்தேன். எங்கேயாவது மூன்று புள்ளி வையுங்கள், மூன்றையும் தொடுகிற மாதிரி ஒரு வட்டம் போடுவது எப்படி என்று காட்டுகிறேன் என்று நான்கு பீரியட் அதையேதான் செய்யவைத்தேன்.

“நான்தான்,” என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

சரியாகப் போட்டுக் கூட்டினால் சராசரி ஐம்பத்தெட்டு வந்தது. “பொண்டாட்டிக்காக மார்க்கைக் கூட்டிட்டார்னு சொல்லுவாங்க,” என்றேன்.

“சொல்லாத மாதிரி பண்றேன்.” இடது கையில் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கம் எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. எழுதியதை என்னிடம் நீட்டினார்.

‘என் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். வேறு கணக்கு ஆசிரியரைக் கொண்டு தாள்களைத் திருத்திப் பார்க்கவும். கடைசிக் கேள்விக்கான பாடத்தை நான் நடத்தவில்லை. வகுப்பே அதைச் சரியாகச் செய்திருக்கிறது. நடத்தியவர் ஓவிய ஆசிரியை.’

எழுத்துகள் மலையேறிக்கொண்டிருந்தன. மை அப்பியிருந்தது. ஒரு கோடுகூட நேராக இல்லை, எல்லாமே தடித்துக் கிடந்தன. என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தது.

“என்ன, திருத்தப் போறியா?” என்றார்.

பேனாவை மூடி வைத்தேன். “அப்படியே கொடுங்க,” என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டேன்.